ஒரெஸ்ட் வீட்டுக் குழாயில் கேட்ட தட்டல்

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போவதானாலும் போன் செய்துவிட்டுத்தான் போக வேண்டும். எதிர்வீடானாலும் அப்படித்தான். குளிர்காலத்தில் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினால், யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். போன் வந்ததும் வீட்டுக்காரர் காபி போடுவார், வாசல் பனியைத் தள்ளுவார், மூடிக் கிடக்கும் அறைகளைத் திறந்து சூடேற்றுவார். விருந்தாளி இருக்கும்போது ஓர் அறை குளிர்ந்து கிடந்தால் அது அந்த வீட்டுக்கே இழுக்கு. இந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரெஸ்ட் சவ்சினுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரெஸ்ட் என் எதிர்வீட்டுக்காரர். என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்ந்தவள். கல்யாணம் கட்டவில்லை. பெயர் நெட்டி. நெட்டிக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்லும், ஊர் சொல்வது சரிதான்.

ஒரெஸ்ட் நகராட்சியின் பனித்தள்ளும் வண்டியை ஓட்டியவர். எங்கள் வெஸ்னா மாதிரி ஊரில் அது சாதாரண வேலை இல்லை. சஸ்காச்சுவன் சமவெளியில் ஒரு புயல் அடித்தால் ரோடு எது, வயல் எது என்று தெரியாது. விடிவதற்குள் அவர் வண்டி ஓடி முடித்திருந்தால்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடியும், பிணம் கல்லறைக்குப் போக முடியும். அந்த வண்டி போகும் வழியில் எல்லார் வீட்டு வாசலையும் அடைத்து ஒரு பனிவரப்பு போட்டுவிட்டுப் போகும். அதற்காக ஊரே அவரைத் திட்டும். என் வாசலில் மட்டும் வரப்பு இருக்காது. ஒருநாள் கேட்டேன்.

"ஏன்யா ஒரெஸ்ட்டு, என் வாசல்ல மட்டும் வண்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் போறியா?"

"காத்து அடிச்சுட்டுப் போயிருக்கும்."

"எனக்குன்னு தனியா ஒரு காத்து அடிக்குதாக்கும்?"

"உன் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகுதோ என்னமோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உதவி செய்தாரென்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் காது சிவந்துவிடும்.

வீட்டை அவரே கட்டினார். பழைய பள்ளிக்கூடத்தை இடித்தபோது கிடைத்த மரம், கிடைத்த ஜன்னல், கிடைத்த தகரம். நிலவறையில் இருக்கும் ஃபர்னஸிலிருந்து சூடான காற்றை அறை அறையாகக் கொண்டுபோகும் குழாய்களையும் அந்தத் தகரத்தில்தான் வளைத்தார். மெல்லிய தகரம். அப்போதே நான் சொன்னேன், இது பிஸ்கட் டப்பாவுக்குத்தான் ஆகும் என்று. யார் கேட்டார்கள்?

மார்த்தாவுக்கு மட்டும் அந்தக் குழாய் பிடித்திருந்தது. மார்த்தா அவர் மனைவி, பேச்சுக் குறைவு, சத்தம் போட்டுக் கூப்பிட வராது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கோர் அறையில் அடைந்து கிடப்பார்கள், ஒரெஸ்ட் வேலை முடிந்து வந்து படுத்திருப்பார். சாப்பாடு தயாரானதும் அவள் சமையலறையிலிருந்து நிலவறைக்கு இறங்கும் படியில் ஓரடி வைத்து நிற்பாள். தலைக்கு நேரே பெரிய குழாய் ஓடும். கசகசா அரைக்கும் மரக்குழவியால் அதைத் தட்டுவாள். அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. டொம் டொம்... டொம். எல்லா அறையிலும் தரையிலிருந்து அந்தச் சத்தம் எழும்பும். "வரேம்மா!" என்று மூன்று மூலையிலிருந்தும் பிள்ளைகள் கத்துவது என் வீட்டுக்குக் கேட்கும். கடைசியாக ஒரெஸ்ட்டின் கட்டைக் குரல், "வரேன், வரேன்."

பிள்ளைகள் வளர்ந்தார்கள், போனார்கள். மூத்தவன் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வடக்கே போனான். நடுவுள்ளவன் கடற்கரைப் பக்கம் போய், அங்கே பனியே இல்லை என்று போனில் பெருமை பேசினான். கடைக்குட்டி டாரியா ரெஜைனாவில் வங்கி வேலை. ஒருவர் போகும்போதெல்லாம் ஒரெஸ்ட் அந்த அறைக்குப் போய், தரையில் சூடான காற்று வரும் கிரில்லின் சின்னப் பிடியைக் கால் கட்டைவிரலால் தள்ளி மூடுவார். ஆளில்லாத அறைக்கு எதற்குச் சூடு? நானும் அப்படித்தான் செய்கிறேன், ஊரே அப்படித்தான் செய்கிறது. கதவைச் சாத்தி, கீழே இடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்துவிட்டால் முடிந்தது.

பிறகு மார்த்தாவும் போனாள். வயிற்றில் ஏதோ என்று போய்ப் படுத்தவள், இலையுதிர்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் இரண்டு குளிர்காலம் கழித்து ஒருநாள், சோபாவில் தலையணையைப் பார்த்தேன்.

"இங்கயா படுக்கிற?"

"ஹாக்கி பாத்துக்கிட்டே தூங்கிடுறேன்."

"பெட்ரூம்?"

"அது எதுக்கு, ஒரு ஆளுக்கு அவ்ளோ பெரிய கட்டில்?" என்றார். அந்த அறையையும் மூடிவிட்டார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் அங்கே போகும்போதெல்லாம் எல்லா அறையும் திறந்துதான் கிடக்கும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சத்தம் தொடங்கியது.

முதலில் என்னிடம்தான் சொன்னார், தபால் நிலையத்தில் வைத்து, வானிலை சொல்வது போல. "குழாய்ல யாரோ தட்டுற மாதிரி சத்தம் கேக்குது நெட்டி. சாயங்காலமானா தட்டுது."

"தகரம் சூடானா டிக் டிக்னு விரியும்யா. என் வீட்லயும் கேக்கும்."

"விரியிற சத்தம் எனக்குத் தெரியாதா? இது தட்டுற சத்தம். ரெண்டு, அப்புறம் ஒண்ணு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தபால்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதையே டாரியாவிடம் போனில் சொல்லிவிட்டார். சொன்னது மட்டுமா, "உங்கம்மா தட்டுற மாதிரியே இருக்கு" என்றும் சேர்த்திருக்கிறார். வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? அவள் பதறிப்போய் ஐசக்கை அனுப்பினாள்.

ஐசக் தீசன் எங்கள் பக்கத்து ஊர்க்காரன், இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஃபர்னஸ் என்றால் அவன்தான். நல்லவன், ஆனால் பேசியே ஆளைக் கொன்றுவிடுவான். வருகிறேன் என்று போன் செய்துவிட்டு வந்தான். குழாயில் காதை வைத்தான், முட்டியால் தட்டிப் பார்த்தான், விசிறியின் பெல்ட்டை மாற்றினான், ஆடிக்கொண்டிருந்த ஒரு தொங்கலை இழுத்துக் கட்டினான். ஃபர்னஸைத் திரும்பத் திரும்பப் போட்டு அணைத்தான். ஒரு சத்தமும் இல்லை. சரியாகிவிட்டது என்று போனான். அன்று சாயங்காலமே தட்டியது. மறுபடி போன் செய்துவிட்டு வந்தான். அன்றைக்கும் குழாய் பூனை மாதிரி கிடந்தது.

"அண்ணே, எலியா இருக்குமோ?"

"எலி எண்ணித் தட்டுமாடா?"

"உங்க சர்ச் எலி தட்டும் அண்ணே, நீங்கதான் சிலுவை போடுறதுல இருந்து எதையும் மும்மூணு தடவை செய்வீங்களே. எங்க மெனனைட் சர்ச் எலின்னா சும்மா உக்காந்து ஜெபம் பண்ணும்," என்றான். ஒரெஸ்ட் சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை வந்துவிட்டுப் போகும்போது ஐசக் என் வாசலில் நின்று, தலையில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டி, பிறகு அப்படிக் காட்டியதற்காகத் தானே வருத்தப்பட்டான்.

டாரியா இரண்டு நாள் வந்து தங்கிப் பார்த்தாள். தட்டல் இல்லை. அவள் கார் திரும்பி ரெஜைனா ரோட்டில் ஏறியதும் தட்டியது. அதையும் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளிடம் சொன்னார்.

அவள் என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, யாரும் இல்லாதப்ப மட்டும் கேக்குற சத்தம்னா அது என்ன அத்தை? டாக்டர்கிட்ட கேட்டேன். தனியா விடக்கூடாதுங்கிறார். ரெஜைனாவுல முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வர்றப்ப அப்பாகிட்ட பேசுறேன். நீங்க இப்பவே சொல்லிடாதீங்க."

சொல்லிடாதே என்றால் எனக்குத் தொண்டையில் முள் குத்திய மாதிரி. ஆனாலும் சொல்லவில்லை. பனித்தள்ளும் வண்டி ஓட்டியவரை மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார வைத்து, யாரோ தள்ளும் பனியை வேடிக்கை பார்க்கச் சொல்லப்போகிறார்கள். அந்த வீட்டை விட்டால் அவர் அடுத்த அறுவடையைப் பார்க்க மாட்டார்.

டிசம்பர் நடுவில் ஒரு புயல் வந்தது. என் ஃபர்னஸின் புகைக்குழாயைப் பனி அடைத்து, ஃபர்னஸ் நின்றுவிட்டது. போனும் செத்துவிட்டது. வீட்டுக்குள் என் மூச்சே புகையாகத் தெரிய ஆரம்பித்ததும், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஒரெஸ்ட் வீட்டுக் கதவைத் தட்டினேன். இத்தனை வருடத்தில் போன் செய்யாமல் போனது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தவர் பனியனோடு நின்றார். "யாரு செத்தது?" என்றார்.

"இன்னும் யாரும் சாகலை. வழியை விடு."

வெளியே எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறையும் குளிர். உள்ளே சமையலறை சூப்புப் பானை மாதிரி வெந்துகொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. கம்பளியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், அப்போது கீழே ஃபர்னஸின் விசிறி கிளம்பியது.

டொம் டொம்... டொம்.

என் கையிலிருந்த கம்பளி கீழே விழுந்தது. ஒரெஸ்ட் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை.

"கேட்டியா? நெட்டி, கேட்டியா?"

"கேட்டுச்சு."

"எனக்கு மட்டும் கேக்கலல்ல?"

"இல்லைய்யா. எனக்கும் கேட்டுச்சு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. உடனே விருந்தோம்பல் ஞாபகம் வந்துவிட்டது. "உக்காரு, உக்காரு, ரூமெல்லாம் தொறந்து விடுறேன், இன்னைக்கு நீ எப்படி உன் வீட்ல படுப்ப?" என்று நடையைத் தாண்டிப் போனார். நானும் பின்னால் போனேன். மூத்தவன் அறைக் கதவைத் திறந்தார், குளிர் முகத்தில் அறைந்தது. ஜன்னலில் உள்பக்கமாக விரல் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. காலால் கிரில்லைத் திறந்தார். நடுவுள்ளவன் அறை, டாரியா அறை, எல்லாம் அப்படியே. கடைசியாகப் பெட்ரூம். துண்டை எடுத்து, கதவைத் தள்ளினார். கட்டில் சுருக்கமில்லாமல் விரித்துக் கிடந்தது. மார்த்தாவின் செருப்பு அவள் பக்கத்தில் அப்படியே இருந்தது.

"இதை மூடினதுல இருந்துதான் தட்டுறா," என்றார் மெதுவாக. "கட்டிலை விட்டுட்டுப் போயிட்டேன்ல. அதான் கூப்பிடுறா."

குனிந்து பார்க்காமலே கட்டைவிரலால் அந்தக் கிரில்லையும் திறந்தார். அவர் கால் அதைச் செய்தது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். சமையலறைக்கு வந்து காபி குடித்தோம். ஃபர்னஸ் நின்றது. மறுபடி கிளம்பியது. சத்தம் இல்லை. இன்னொரு தடவை கிளம்பியது. சத்தம் இல்லை.

நான் தரையிலிருந்த கிரில்லையே முறைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஒரெஸ்ட்டும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஐசக் என் புகைக்குழாயைச் சரிசெய்ய வந்தபோது நடந்ததைச் சொன்னேன். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடக் கடவுளே! வீடு முழுக்கப் போக வேண்டிய காத்து ரெண்டே ரூமுக்குப் போனா குழாய் என்னத்துக்கு ஆகும்? காலி எண்ணெய் டின் வயித்தை அமுக்கி விட்டா டொப்புனு வெளிய வருமே, அதேதான் அக்கா. மெல்லிசு தகரம், விசிறி கிளம்பினதும் உப்பிக்கிட்டு வருது. மூணு பட்டை வரிசையா உப்புது. நான் வர்றேன்னு போன் பண்ணினதும் மனுஷன் எல்லாத்தையும் தொறந்து வச்சுட்டு நிப்பாரு. நானும் ஒவ்வொரு தடவையும் சூடான வீட்டுக்குள்ள நின்னு தேடியிருக்கேன்."

"டாரியா வந்தப்பவும் அதே கதைதான்."

"மகளுக்குக் குளிருமேன்னு தொறந்திருப்பாரு. சரி, போய் அண்ணன்கிட்ட சொல்லிடுவோம்."

"நீ சொல்லு."

"நான் ஏன்? நீதான எதிர்வீடு."

"நீதான ஃபர்னஸ்காரன்."

இருவருமே போகவில்லை. சொன்னால் அவருக்கு வீடு மிஞ்சும், மார்த்தா போய்விடுவாள். சொல்லாவிட்டால் மார்த்தா மிஞ்சுவாள், வீடு போய்விடும். இதில் எதை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போவது? நீளமான வாய் அந்த மூன்று வாரம் எனக்கு உதவவில்லை.

எங்கள் சர்ச் பழைய நாட்காட்டிப்படி நடப்பதால் எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரியில் வரும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், முதல் நட்சத்திரம் பார்த்த பிறகு, இறைச்சியில்லாமல் பன்னிரண்டு பதார்த்தம் வைத்துச் சாப்பிடுவோம். அந்த வருடத்தில் மட்டுமல்ல, எந்த வருடத்தில் செத்தவர்களுக்கும் சேர்த்து மேஜையில் ஒரு தட்டு காலியாக வைப்போம். டாரியா வந்திருந்தாள். பீட்ரூட் சூப்பும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் நான் செய்து கொண்டுபோனேன். ஐசக்கையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் சர்ச்சில் கிறிஸ்துமஸ் டிசம்பரிலேயே முடிந்து போயிருந்ததால் அவனுக்கு வேலை ஒன்றுமில்லை.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை கர்த்தர் பொறந்தா எனக்குச் சந்தோஷம்தான், ரெண்டு தடவை சாப்பாடு," என்றான். டாரியா சிரிக்காமல் தேனும் கசகசாவும் கலந்த கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். வீடு முழுக்கத் திறந்து, கதகதப்பாக இருந்தது.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"அப்பா, மாசக் கடைசியில ஒரு ரூம் காலியாகுது. நல்ல இடம்ப்பா. நம்ம சர்ச் ஆளுங்க கூட இருக்காங்க. என் வீட்லருந்து நடக்கிற தூரம்."

அவர் கொழுக்கட்டையை முள்கரண்டியால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் உங்களை வீட்டை விட்டுத் துரத்தலை. நீங்க செத்துப்போன அம்மா தட்டுறாங்கன்னு சொல்றீங்க. நாலு மணி நேரத் தூரத்துல உக்காந்துக்கிட்டு நான் எப்படிப்பா தூங்குறது?"

என் வாய் திறந்துவிட்டது. "டாரியா, அது வந்து..."

ஒரெஸ்ட் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "நீ இரு நெட்டி. அந்தக் குழாயைப் போட்டவன் நான்," என்றார்.

நடைக்குப் போனார். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்னொன்று. டாரியா எழுந்து பின்னாலேயே போனாள், நாங்களும் போனோம். அவர் ஒவ்வோர் அறையாகப் போய், கட்டைவிரலால் கிரில்லை மூடி, கதவைச் சாத்தி, துண்டை இடுக்கில் செருகினார். மூத்தவன் அறை. நடுவுள்ளவன் அறை. டாரியாவின் அறையில் அவள் பெட்டி திறந்து கிடந்தது. அதையும் மூடினார். பெட்ரூம் வாசலில் மட்டும் சற்று நின்றார், பிறகு அதையும் மூடினார். டாரியா நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கால்கள் அவ்வளவு பழகிப்போய் அந்த வேலையைச் செய்தன.

சமையலறைக்கு வந்து, சுவரில் சூட்டைக் கூட்டும் குமிழைத் திருப்பினார். உட்கார்ந்தார்.

"கேளு," என்றார்.

கீழே ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. விசிறி கிளம்பியது.

டொம் டொம்... டொம்.

"வரேம்மா!" என்றாள் டாரியா.

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நாற்பதைத் தாண்டிய பெண், வங்கியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள். அவள் கண் காலியாக வைத்த தட்டுக்குப் போனது, அங்கிருந்து சாத்திய கதவுகளுக்குப் போனது. பிறகு மேஜை விரிப்பில் தலையை வைத்து அழுதாள். ஐசக், பாவம், இந்த நேரத்தில் எதையாவது பேசியாக வேண்டுமே என்று எண்ணெய் டின் கதையை ஆரம்பித்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"பேசட்டும் விடு," என்றார் ஒரெஸ்ட். "அவன் சொல்றது சரிதான். தகரம்தான் அது. அன்னைக்கு இந்த நெட்டி வந்து உக்காந்து தரையை முறைச்சாளே, அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்ப்பா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வெறும் தகரமாயிடுமேன்னுதான்."

டாரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ரெண்டு ரூம்லதான் இருக்கீங்களா? இவ்ளோ நாளாவா?"

"ஒரு ஆளுக்கு எவ்ளோ ரூம் வேணும்?"

"நாங்க வர்றப்ப மட்டும் தொறந்து வச்சு..."

"பின்ன, குளிர்ற வீட்லயா உங்களை உக்கார வைப்பேன்?"

ஐசக் இந்தத் தடவை தேவையானதைத்தான் பேசினான். "அண்ணே, இன்னொண்ணு சொல்லணும். இப்படியே மூடி வச்சா காத்துக்கு வழியில்லாம ஃபர்னஸ் உள்ளயே வெந்து விரிசல் விட்டுடும். விரிசல் விட்டா விஷக்காத்து. தூக்கத்துலயே போயிடுவீங்க. மறுபடி மூடாதீங்க."

ஒரெஸ்ட் எழுந்து போய், போன வழியே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு வந்தார். அடுத்த முறை விசிறி கிளம்பியபோது மெல்லிய காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் நால்வரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, சூப்பைச் சூடு பண்ணுகிறேன் என்று எழுந்தேன்.

மறுநாள் டாரியா முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து அறை வேண்டாம் என்றாள். புறப்படும்போது காரின் கண்ணாடியை இறக்கி, "இங்கயே இருங்கப்பா. ஆனா ஒரு ரூமும் மூடக் கூடாது. சத்தியம் பண்ணுங்க," என்றாள். அவர் செய்தார். ஜெயித்தவர் முகம் மாதிரி அது இல்லை.

ஜனவரி முடியும் தறுவாயில், கொழுக்கட்டை கொண்டுபோன என் பாத்திரத்தில் அவர் ஒரு ஜாடி ஊறுகாய் வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாததால் நான் அவருடைய ஜாடியில் கோஸ் இலையில் சோறு சுருட்டிப் போட்டு எடுத்துப் போனேன். சமையலறைப் பக்கத்துப் படியில் வைத்துவிட்டு வர எதற்குப் போன் என்று சும்மா போனேன். வழியிலேயே பார்த்தேன், எல்லா ஜன்னலும் தெளிவாக இருந்தன, ஒன்றிலும் பனி படியவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படியில் கால் வைத்தபோது கேட்டது. டொம் டொம்... டொம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கிழட்டுக் கழுதை, மறுபடி மூடிவிட்டதே, செத்துத் தொலையப்போகிறதே என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். கதவின் கண்ணாடி வழியே அவர் தெரிந்தார்.

நிலவறைப் படியில் ஓரடி வைத்து நின்றுகொண்டிருந்தார். கையில் மார்த்தாவின் மரக்குழவி. அதைக் கீழே வைத்துவிட்டு நடையைத் தாண்டி உள்ளே போனார். பெட்ரூம் கதவு திறந்திருந்தது, அதற்குள் போய்க் கண்ணுக்கு மறைந்தார். கொஞ்ச நேரம் ஆனது. மேஜையில் ஒரு தட்டு, அதில் ஆவி பறக்கும் ஏதோ.

"வரேன், வரேன்," என்று அவர் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

வந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். நான் ஓங்கிய கையை இறக்கி, ஜாடியைச் சத்தமில்லாமல் படியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.